தாடைக்கு அடியில் நெறி கட்டி மூன்று வாரம்: பல்லா, புகையிலையா, வேறு ஏதாவதா?

குலசேகரம் பால்வெட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 43. கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் பால் வெட்டுகிறேன். சொந்த மரம் கொஞ்சம், மற்றது பாட்டத்துக்கு எடுத்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்யும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது பக்கம், தாடை எலும்பின் அடியோரம், மூலையிலிருந்து இரண்டு விரல் முன்னால். சின்ன நெல்லிக்காய் அளவு. தள்ளினால் கொஞ்சம் நகர்கிறது. அமுக்கினால் வலி, சும்மா இருந்தால் இல்லை. காய்ச்சல், இருமல் எதுவும் கிடையாது. உடம்பும் மெலியவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். அம்மா, "நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து மூன்று நாள் பற்றுப் போட்டாள். தோல் வெந்ததுதான் மிச்சம். மனைவிக்குப் பூனை மேல் சந்தேகம். மீன்காரர் சத்தம் கேட்டாலே ஓடி வரும் பூனை ஒன்று உண்டு, போன மாதம் என் இடது கையில் பிறாண்டிவிட்டது. மனைவி வீடு மணவாளக்குறிச்சி; மச்சினன் "எல்லாம் அந்தக் கறுப்பு மணல் செய்கிற வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நான் அங்கே வருடத்துக்கு நாலு நாள் போனால் அதிகம்.

எனக்குப் பல் மேல் சந்தேகம். அதே பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு ஓட்டை இரண்டு வருடமாக இருக்கிறது. கிராம்பு வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. காலை மூன்றரைக்கு எழுந்து ஒரு கட்டன் சாயா குடித்து, நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இறங்கினால் பால் எடுத்து ஷீட் அடித்து முடியப் பதினொன்று ஆகும். அதுவரை தண்ணீர் கூடக் குடிப்பதில்லை, வாயில் வெற்றிலையும் புகையிலையும்தான். இருபது வயதில் பிடித்தது. அடக்கி வைப்பது வலது கன்னத்தில். கட்டியும் அந்தப் பக்கம்தான்.

சித்தப்பாவுக்குக் கழுத்தில் இப்படித்தான் ஒன்று வந்தது. ஆறு மாதம் எண்ணெய் தடவித் தடவி, கடைசியில் திருவனந்தபுரம் கொண்டு போனபோது நாள் கடந்துவிட்டது. அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது தொட்டுப் பார்க்கிறேன், பெரிதாகிவிட்டதா என்று.

மருந்துக் கடையில் கேட்டதற்கு ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் இருந்த பாகம் கடையிலேயே நின்றுவிட்டது. பாதியாகக் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் மதியம் மரச்சீனியும் மாங்காய் போட்ட சாளைக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி விம்மிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது பழைய அளவுதான்.

முதலில் யாரிடம் போக வேண்டும், பல் டாக்டரிடமா, காது மூக்கு தொண்டை டாக்டரிடமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு சொன்னது:

எனக்கும் வந்தது அண்ணே. தொண்டை வலியோடு சேர்ந்து வந்தது, இரண்டு வாரத்தில் தானாகப் போய்விட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

முட்டம் கடலோரம் சொன்னது:

அவருக்குப் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன் அண்ணே.

எனக்கு அப்போது 26 வயது. இடது கழுத்தில், தாடைக்குக் கீழே ஒன்றும் அதற்கு இறக்கத்தில் இரண்டும். வலியே இல்லை. வலி இல்லாததால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றும் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு முந்திரிக்கொத்து மாதிரி ஒரே கட்டியாகிவிட்டன. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. நாலு கிலோ குறைந்தேன். கல்யாணம் ஆகி ஐந்து மாதம், மாமியார் "வெளியே சொல்லாதே" என்றார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு கிளினிக்கில் இரண்டு மாதம் மாற்றி மாற்றி மாத்திரை தந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும், பிறகு ஏறும். கடைசியில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில்தான் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஊசி என்றால் பயப்பட ஒன்றுமில்லை, இரத்தம் எடுக்கிற ஊசி போலத்தான். எடுத்ததை ஸ்லைடிலும் பார்த்தார்கள், டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சிபிநாட் சோதனைக்கும் அனுப்பினார்கள். நெறியில் டி.பி. இருமல் ஒரு நாளும் இருந்ததில்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டி.பி. என்றால் நுரையீரல் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். நுரையீரலுக்கு வெளியே அது அதிகமாகப் பிடிக்கிற இடமே இந்தக் கழுத்து நெறிதான் என்று அங்கே சொன்னார்கள். சித்த வைத்தியர்கள் கண்டமாலை என்று சொல்வார்களே, அதுவும் இந்த வியாதிதான் என்று பாட்டி பிறகு சொன்னாள்.

ஆறு மாதம் மாத்திரை, எடைக்குத் தக்க எண்ணிக்கை, எல்லாம் இலவசம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அழுதுவிட்டேன். மருந்தின் நிறம்தான் அது. இரண்டாவது மாதம் கட்டி குறையாமல் பெரிதானது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்து நிறுத்தப் பார்த்தேன். செத்த கிருமியை உடம்பு எதிர்ப்பதால் சிலருக்கு இப்படி வீங்கும், நிறுத்தாதே என்றார் டாக்டர். நிறுத்தவில்லை. இப்போது ஒரு வடுகூட இல்லை. நுரையீரலில் இல்லாதவரை இந்த நெறி டி.பி. அடுத்தவருக்குத் தொற்றாது, மாமியாருக்கு அதைப் புரிய வைக்கத்தான் ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. சத்துணவுக்கு அரசாங்கம் வங்கிக் கணக்கில் போடுகிற பணம் முன்பு மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1000.

உங்களுக்கு வலி இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஒற்றையாக இருக்கிறது. எனக்கு இருந்தது போல் தெரியவில்லை. ஆனால் பெயர் தெரியாத ஆன்டிபயாடிக் இனி வேண்டாம்.

தக்கலை பழைய லேப் சொன்னது:

மக்களே, முதலில் அதை அமுக்குவதை நிறுத்து. நாளைக்கு இருபது தடவை பிசைந்தால் ஒன்றுமில்லாத இடமும் வலிக்கத்தான் செய்யும். வாரம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே விரலால் பார்த்தால் போதும்.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் லேபில் ஸ்லைடு பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். கழுத்துக் கட்டி ஊசி எடுக்க வந்தவர்களை எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பாதிப் பேர் முகத்தில் உன் சித்தப்பா கதைதான் இருக்கும்.

நாஞ்சில் நாட்டில் வயல் பார்த்தவனுக்கு இது எளிதில் விளங்கும். மடையில் குப்பை அடைத்தால் மடையைத் திட்டிப் பயனில்லை. எந்த வயலிலிருந்து தண்ணீர் அதில் இறங்குகிறது என்று மேலே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நெறியும், அதாவது நிணநீர் முடிச்சும், அப்படித்தான். உடம்பில் ஏறக்குறைய 600 இருக்கும், கழுத்தில் மட்டும் ஏராளம். நீ சொல்கிற இடத்துக்கு இறங்குவது கீழ்ப்பல், ஈறு, கன்னத்தின் உள்பக்கம், உதடு, நாக்கின் பக்கவாட்டு. மோவாய்க்கு நேர் கீழே கட்டினால் முன்பல், கீழுதடு, நாக்கு நுனி. தாடை மூலைக்குப் பின்னால் என்றால் டான்சில். பேன் கடித்துச் சொறிந்த பிள்ளைகளுக்குப் பிடரியில் கட்டும். காதுக்கு முன்னாலும் கீழுமாகக் கன்னமே உப்பினால் பொன்னுக்கு வீங்கி, அது நெறியே இல்லை.

அதனால் உன் மனைவியின் பூனையை விட்டுவிடலாம். பூனைக் கீறலால் நெறி கட்டுவது உண்மைதான், அதற்கென்று ஒரு கிருமியே இருக்கிறது. ஆனால் கையில் கீறினால் அந்தக் கைப்பக்க அக்குளில் கட்டும். இடது கையைக் கீறிய பூனை வலது தாடைக்கு வராது.

மச்சினனுக்கும் ஒரு பதில். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் உண்டு, கதிர்வீச்சும் மற்ற இடத்தைவிட அதிகம், மறுக்கவில்லை. இதே போன்ற மணல் உள்ள கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணல் எடுக்கலாமா கூடாதா என்கிற சண்டை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, மெத்தென்று, நழுவி ஓடினால் பெரும்பாலும் கவலை இல்லை. மெலிந்த ஆளுக்குச் சும்மாவே தட்டுப்படும். இரண்டைத் தாண்டினாலோ, கல் மாதிரி கெட்டியாக அடியோடு ஒட்டிக்கொண்டாலோ, வலியே இல்லாமல் வளர்ந்துகொண்டே போனாலோ, நாலு வாரம் கழிந்தும் குறையாவிட்டாலோ ஊசி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். காறை எலும்புக்கு மேல் குழியில் வந்தால் நாலு வாரம்கூட வேண்டாம், மறுநாளே போ. ரப்பர் மாதிரி இழுபட்டு, அக்குள் தொடையிடுக்கு எல்லா இடத்திலும் வந்தால் இரத்தம், நிணநீர் சம்பந்தப்பட்டதைச் சந்தேகிப்பார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அந்த மாத்திரையாலேயே சில சமயம் நெறி வீங்கும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இரண்டையும் கடையில் வாங்கிப் போடாதே. முதலாவது டி.பி.யை மூடி மறைக்கும், இரண்டாவது லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றைக் கொஞ்ச நாள் கரைத்துக் காட்டி ஏமாற்றும். அப்புறம் ஸ்லைடில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இனி புகையிலை. இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1933-ல், இங்கே வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப் புற்றைப் பற்றி ஓர் (Orr) என்ற பெயருள்ள டாக்டர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் போன சாமர்வெல் டாக்டர் நெய்யூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டிருந்த காலம் அது. நமக்குத் தெரியாமல் நடக்கிற விஷயம் இல்லை. புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போட்டால் போதும் என்பார்கள், அதுவும் பொய். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பாக்கைத் தனியாகவே புற்று உண்டாக்கும் பொருள் என்று சொல்லிவிட்டது. இன்று ராத்திரி வாயைக் கொப்பளித்து, டார்ச் அடித்து, கன்னத்தை விரலால் இழுத்துப் பார். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, விரல் பட்டால் தடிப்பு ஏதாவது உண்டா? வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறதா?

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாங்காய் போட்ட சாளைக்கறி என்றாயே. அன்றைக்கு மட்டும்தானா, இல்லை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விம்முகிறதா? நெறிக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாது மக்களே.

குறும்பனை சொன்னது:

கருநாகப்பள்ளி ஆராய்ச்சியை நாங்களும் படித்தோம். எங்கள் கடலோர ஊருக்கு வந்து யார் கணக்கு எடுத்தார்கள்? சும்மா பதில் சொல்ல வேண்டாம்.

தக்கலை பழைய லேப் சொன்னது:

கேள்வி நியாயம். ஆனால் இவன் குலசேகரத்துக்காரன் மக்களே.

குலசேகரம் பால்வெட்டு சொன்னது:

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். மனைவி சிரித்தாள். சோறு வாயில் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. எலுமிச்சைத் துண்டு ஒன்று வாயில் போட்டுப் பார்த்தேன், பொட்டென்று எலுமிச்சை அளவுக்கே வந்துவிட்டது. கூடவே ஒரு இழுவை வலி. இதை முதலில் கவனிக்கவே இல்லை, தொட்டுப் பார்த்ததெல்லாம் தோட்டத்தில் வெறும் வயிற்றில்.

டார்ச் அடித்தும் பார்த்தேன். வாய் மூன்று விரலுக்குத் திறக்கிறது. வலது கன்னத்தில், புகையிலை அடக்குகிற இடத்தில், தோல் வெளுத்துச் சுருக்கமாக இருக்கிறது. தேய்த்தால் போகவில்லை. எப்போதிருந்து என்று தெரியாது.

மார்த்தாண்டம் பல்லு சொன்னது:

பல் மருத்துவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. சாப்பிடும்போது ஏறி, பிறகு இறங்குகிற வீக்கம் என்றால் தாடைக்கு அடியில் உள்ள எச்சில் சுரப்பியின் குழாயில் கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எச்சில் சுரப்பிக் கற்களில் பத்தில் எட்டு இந்த ஒரு சுரப்பியில்தான் வரும். அதன் எச்சில் கெட்டியானது, சுண்ணாம்புச் சத்து அதிகம், குழாயும் நீளம், போதாததற்குக் கீழிருந்து மேலே ஏறி நாக்குக்கு அடியில் வந்து விழ வேண்டும். தண்ணீர் குடிக்காமல் பதினொன்று மணிவரை வேலை பார்க்கிறவருக்கு அது இன்னும் கெட்டிப்படும். புளிப்புப் பட்டதும் சுரப்பி வேலை செய்யும், கல் வழியை மறிக்கும், எச்சில் பின்னால் தேங்கி வீங்கும். நடுவில் கிருமி சேர்ந்தபோது ஆன்டிபயாடிக் அதைக் குறைத்திருக்கும், கல் அங்கேயே இருந்திருக்கும்.

கழுத்துக்கு ஸ்கேனும், பல்லால் ஃபிலிமைக் கடித்துக்கொண்டு எடுக்கிற எக்ஸ்ரேயும் போதும். அந்த ஓட்டைப் பல்லையும் வெள்ளைத் திட்டையும் அதே நாளில் காட்டிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நாக்கை மேலே தூக்கிவிடும் அளவுக்கு வாயின் அடித்தளம் வீங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், பேச்சு குழறி மூச்சு முட்டினால், அது நடு ராத்திரி என்றாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. சொத்தைப் பல்லிலிருந்து வருகிற அந்த வீக்கம் ஒரே இரவில் மூச்சை அடைத்துவிடும்.

குலசேகரம் பால்வெட்டு சொன்னது, இரண்டு வாரம் கழித்து:

கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். மழை விட்ட நாலு நாள் தொடர்ந்து வெட்டு இருந்தது.

ஆசாரிப்பள்ளம் போனேன். அம்மாவுக்கு அந்த இடம் இன்றும் டி.பி. ஆஸ்பத்திரிதான், முட்டம் தங்கச்சி எழுதியதை வாசித்துக் காட்டியிருந்ததால் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ஸ்கேனில் கல். 7 மில்லிமீட்டர், குழாயின் வாயிலிருந்து தொலைவில் இல்லை. பக்கத்திலேயே இரண்டு நெறியும் வீங்கியிருந்தன, 8 மில்லிமீட்டர், நீள்வட்டமாக, நடுவில் கொழுப்போடு இருப்பதால் சாதாரண வீக்கம்தான் என்று எழுதியிருந்தார்கள். ஆக அம்மா சொன்ன நெறியும் பொய் இல்லை. நான் இத்தனை நாள் அமுக்கி அமுக்கிப் பார்த்ததுதான் நெறி இல்லை, சுரப்பி.

நாக்குக்கு அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாக ஒரு கீறல் போட்டுக் கல்லை எடுத்தார்கள். கையில் கொடுத்தார்கள். குருணை அரிசியை இரண்டு மூன்று ஒட்டவைத்த மாதிரி, மஞ்சளாக. இதற்காகவா மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன் என்று இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், புளிப்பு மிட்டாய் சப்பச் சொன்னார்கள், இனிமேல் சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் மெல்லத் தடவி விடவும் சொன்னார்கள். தொடாதே தொடாதே என்று இங்கே எல்லாரும் சொன்னீர்கள், அங்கே தடவு என்கிறார்கள். லேப் ஐயா கோபப்படக் கூடாது.

ஓட்டைப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. காப்பாற்ற முடியாத அளவுக்குப் போயிருந்தது.

அந்த வெள்ளைத் திட்டைத்தான் டாக்டர் கல்லைவிட அதிக நேரம் பார்த்தார். டார்ச்சைத் திருப்பித் திருப்பி அடித்தார், படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் புகையிலை இன்றோடு சரி" என்றார். பதினொரு நாள் ஆகிறது. காலையில் அந்த நேரம் வரும்போது கை தானாக மடிக்குப் போகிறது. ஜீரகமும் கிராம்பும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். கூடவே தண்ணீர் பாட்டில் ஒன்று, மகள் ஸ்கூலுக்குக் கொண்டுபோன பழையது. மரத்துக்கு மரம் அதையும் தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய தொந்தரவு.

புதன்கிழமை ரிசல்ட். இந்த வருடம் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டவில்லை, அதனால் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, முதல் பஸ்ஸிலேயே போய்விடுவேன். பெய்யாவிட்டால் பால் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தக்கலை பழைய லேப் சொன்னது:

கோபம் இல்லை மக்களே. சுரப்பி என்றால் தடவலாம். புதன்கிழமை பால் கிடக்கட்டும், முதல் பஸ்ஸிலேயே போ. தக்கலையில் வண்டி நிற்கும்போது போன் பண்ணு, நானும் வருகிறேன்.